‘எனக்கு வேணும்’: எமது பிள்ளைகளின் செபம் பற்றிச் சில குறிப்புகள்

சென்ற இதழில் நண்பர் ஒருவர், சிறுபிள்ளைகளுக்குச் செபம் சொல்லிக்கொடுப்பது அவர்களது சிந்தனை மீது பெற்றோர் புரியும் வன்முறை என்று எழுதியிருந்தார். அதற்கு முந்திய இதழில் இன்னொருவர், புலம்பெயர்ந்த நாட்டில் தமிழ் தப்பிப் பிழைக்க வேண்டுமானால் தேவாரமும் செபமும் பிள்ளைகளின் வாயில் இருக்கவேண்டும் என்று வாதிட்டிருந்தார். இருவரும் எதிரெதிர்த் திசையில் நிற்பதாகத் தோன்றினாலும் ஒரு விடயத்தில் ஒன்றுபடுகிறார்கள். செபம் என்பது பெரியவர்கள் பிள்ளைக்குள் வைக்கும் ஒரு பொருள் என்பதே இருவரதும் எண்ணம். ஒருவர் அதை நஞ்சு என்கிறார். மற்றவர் மருந்து என்கிறார். பிள்ளை தானாக என்ன கேட்கிறது, கேட்டது கிடைக்காதபோது அதற்கு என்ன நேர்கிறது என்பதை இருவருமே தொடவில்லை. இக்கட்டுரை அதைப் பற்றியது.

என்னைப் பற்றி இரண்டு வரி சொல்லவேண்டும். நான் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவன். ஊரில், ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் கலாசாலையொன்றில் விரிவுரையாளராக இருந்தேன். 2008 இலிருந்து ஜேர்மனியில், பாண் தயாரிக்கும் தொழிற்சாலையொன்றில், பொதியிடும் பகுதியில் வேலை செய்கிறேன். கோயிலுக்குப் போவேன்; எல்லா ஞாயிறும் அல்ல.

இந்த விவாதம் எனக்கு ஏட்டில் தொடங்கவில்லை. என் அக்காவின் மகனுக்கு ஆறு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். இவ்வருட ஒளிவிழாவில் அவள் மேடையேறி, யேசு கற்பித்த செபத்தைத் தமிழில் மனப்பாடமாகச் சொல்லவேண்டும் என்று ஏற்பாடு. தகப்பன் அவளை என்னிடம் கூட்டிவந்தான். “மாமா, பரலோக மந்திரத்தை ஒழுங்காய்ச் சொல்லிக் குடுங்கோ. அதோட ஒவ்வொரு இரவும் அம்மாவுக்காகச் செபிக்கவும் பழக்குங்கோ” என்றான். அம்மா என்று அவன் சொன்னது என் அக்காவை. அக்காவுக்குப் புற்றுநோய். மூன்றாவது முறையாக ஆஸ்பத்திரியில் இருக்கிறா. பிறகு மகளைப் பார்த்துச் சொன்னான்: “சின்னப்பிள்ளையள் கேட்டால் ஆண்டவர் இல்லையெண்டு சொல்லமாட்டார்.”

இந்த வசனத்தை நான் முன்பும் கேட்டிருக்கிறேன். எங்கே என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

* * *

முதலில் நாம் பிள்ளையின் கையில் கொடுக்கும் பிரதியைப் பார்ப்போம். தமிழ்க் கத்தோலிக்கர் நெடுங்காலமாக இச்செபத்தைப் ‘பரலோக மந்திரம்’ என்றே அழைத்துவந்திருக்கிறார்கள். மரியாளுக்கான செபம் ‘பிரியதத்த மந்திரம்’. மந்திரம் என்ற சொல் தற்செயலானதல்ல. மந்திரத்துக்கு ஓசை முக்கியம், உச்சரிப்பு முக்கியம். பொருள் விளங்கவேண்டிய கட்டாயமில்லை. ‘செபம்’ என்ற சொல்லும் வடமொழி ஜபத்திலிருந்து வந்தது. திரும்பத்திரும்ப உச்சரித்தல் என்ற பொருள் அதில் இருக்கிறது. ஆனால் எம்மிடம் ‘மன்றாட்டு’ என்ற இன்னொரு சொல்லும் உண்டு. மன்று என்பது வழக்குரைக்கும் சபை. அங்கே போய் நின்று தன் குறையைச் சொல்வது மன்றாடுதல். மந்திரம் சொல்பவனுக்கு எதிரே ஒருவர் இருக்கவேண்டும் என்பதில்லை. மன்றாடுபவனுக்கு எதிரே கேட்பவர் ஒருவர் இருந்தாகவேண்டும். நாம் பிள்ளைக்கு மந்திரத்தைப் பழக்குகிறோமா, மன்றாட்டைப் பழக்குகிறோமா என்பதே முதற் கேள்வி.

பழைய தமிழ் வடிவத்தில் நாளாந்தம் கேட்கப்படும் உணவு ‘அப்பம்’. என் மாணவி அங்கேயே நின்றுவிட்டாள். அவளுக்குத் தெரிந்த அப்பம் தாய் சனிக்கிழமைகளில் தாச்சியில் சுடுவது. கடவுள் ஒவ்வொரு நாளும் அப்பம் சுடுவாரா என்று கேட்டாள். இது பாணைத்தான் குறிக்கிறது என்றேன். “அது நீங்கள்தானே தாத்தா செய்யிறது?” என்றாள். வீட்டிலிருந்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் அந்தப் பிள்ளை அன்று செய்தது, நான் கலாசாலையில் ஆசிரிய மாணவர்களிடம் எதிர்பார்த்து ஏமாந்த வேலை. அவள் பிரதியை வாசித்தாள். ‘பாண்’ என்ற சொல் போர்த்துக்கேயரிடமிருந்து எமக்கு வந்தது; செபத்தைக் கொண்டுவந்தவர்களும் அவர்களே. சொல் சமையலறையில் தங்கிவிட்டது, செபத்துக்குள் வேறு சொல் போய்விட்டது. இன்று கத்தோலிக்கர் பயன்படுத்தும் தமிழில் ‘உணவு’ என்று திருத்தப்பட்டுள்ளது. ஆனாலும் வீட்டில் கற்பிக்கும் பெரியவர்கள் தம் வாயிலிருக்கும் பழைய வடிவத்தையே கொடுக்கிறார்கள்.

ஒரு சொல்லை மாற்றக்கூடாது, மாற்றினால் பலிக்காது என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. அந்த உணவுக்கு முன் கிரேக்க மூலத்தில் நிற்கும் அடைமொழியின் பொருள் தொடக்க காலத்திலிருந்தே விவாதத்துக்குரியது. மூன்றாம் நூற்றாண்டில் ஓரிஜன், சுவிசேஷகர்களே அச்சொல்லை ஆக்கியிருக்கவேண்டும் என்று கருதினார். இலத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோம், ஒரே சொல்லை மத்தேயுவில் ஒருவிதமாகவும் லூக்காவில் வேறுவிதமாகவும் பெயர்த்தார். சோதனை பற்றிய வரியை பிரெஞ்சுக் கத்தோலிக்கர் 2017 டிசெம்பரில் மாற்றினார்கள். இத்தாலியர் 2020 நவம்பரில் மாற்றினார்கள். ஜேர்மன் ஆயர்கள் மாற்றுவதில்லை என்று 2018 இல் தீர்மானித்தார்கள். திருச்சபையே இப்படி நின்று யோசிக்கும் ஒரு பிரதியை, ஆறு வயதுப் பிள்ளை நின்று யோசிக்கக்கூடாது என்று நாம் ஏன் அவசரப்படுத்துகிறோம்?

* * *

இந்த அவசரத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1542 இல் முத்துக்குளித்துறைக் கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. சிலரது உதவியுடன் செபங்களைத் தமிழாக்கி, அவற்றைத் தாமே மனனம் செய்து, கையில் மணியுடன் தெருத்தெருவாகச் சென்று பிள்ளைகளைக் கூட்டினார். தினமும் இருமுறை சொல்லிக்கொடுத்தார். கற்றதை வீட்டில் தாய் தகப்பனுக்குச் சொல்லிக்கொடுக்கும்படி பிள்ளைகளை ஏவினார். பெற்றோரின் பழைய வழிபாட்டைப் பிள்ளைகளே வந்து தம்மிடம் அறிவித்ததையும், விக்கிரகங்களை உடைத்ததையும் அவர் 1544 இல் எழுதிய கடிதத்தில் மகிழ்ச்சியோடு குறிப்பிடுகிறார். நோயாளிகளுக்காகச் செபிக்கவும் பிள்ளைகளையே அனுப்பினார். பிள்ளையின் வாய் பெரியவர்களின் காரியத்துக்குக் கருவியாவது எமது கரையில் அன்றே தொடங்கிவிட்டது.

1554 இல் லிஸ்பனில், தமிழ்ச் செபங்கள் உரோம எழுத்தில் அச்சாகின. 1578 இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ பதினாறு பக்கமுள்ள செப, போதனைச் சிறுநூல். இந்தியாவில் தமிழெழுத்தில் அச்சான முதல் நூல் அதுவே என்று நாம் பெருமையோடு படிப்பிக்கிறோம். மனனம் செய்விப்பதற்காகவே அந்த அச்சு வந்தது என்பதைச் சேர்த்துச் சொல்வதில்லை.

சவேரியார் 1544 இல் தம் சக ஊழியர் மன்சிலாசுக்கு எழுதிய கடிதமொன்றில் ஒரு திருத்தம் வருகிறது. விசுவாச மந்திரத்தின் முதல் மொழிபெயர்ப்பில், நம்புகிறேன் என்று இருக்கவேண்டிய இடத்தில் ‘எனக்கு வேணும்’ என்று போட்டிருந்தார்களாம். வேணும் என்றால் விரும்புகிறேன் என்று பொருள். ஆகவே விசுவாசம் என்ற சொல்லைப் பயன்படுத்தும்படி அவர் அறிவுறுத்துகிறார். மொழிபெயர்ப்பு என்ற வகையில் திருத்தம் சரியானதே. ஆனால் அந்தக் கரையில் செபம் சொன்ன பிள்ளைகள் சில காலம் கடவுளிடம் ‘எனக்கு வேணும்’ என்று சொல்லியிருக்கிறார்கள். பிள்ளை இயல்பாகச் சொல்லும் செபம் அதுதான். பெரியவர்கள் திருத்தியபோது அந்தச் சொல்லுக்கு வேறெங்கும் இடம் கொடுக்கவில்லை.

புரொட்டஸ்தாந்தரிடம் நிலைமை வேறாக இருந்திருக்கலாம் என்று ஒருவர் சொல்லக்கூடும். மார்ட்டின் லூதர் 1529 இல் வீட்டுத் தலைவர்களுக்காக எழுதிய சிறிய ஞானோபதேச நூலில், செபத்தின் ஒவ்வொரு வேண்டுதலுக்குப் பின்னும் இதன் அர்த்தம் என்ன என்ற கேள்வியை வைத்தார். நல்ல தொடக்கம். ஆனால் கேள்வியும் நூலில் அச்சாகியிருந்தது, பதிலும் அச்சாகியிருந்தது. பிள்ளை இரண்டையும் மனனம் செய்தது. மிஷன் பாடசாலைகள் இந்த வினாவிடை முறையை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவந்தன. பேர்சிவல் பாதிரியாரின் வேதாகம மொழிபெயர்ப்புக்கு உதவிய ஆறுமுக நாவலர், பின்னர் அதே முறையில் ‘சைவ வினாவிடை’யை எழுதினார். ஆகவே சைவ நண்பர்கள் இது கிறிஸ்தவர்களின் சங்கதி என்று ஒதுங்கிவிட வேண்டாம். தமிழ்ப் பாடசாலை விழாவில் பொருள் விளங்காமல் தேவாரம் பாடிப் பரிசு வாங்கும் பிள்ளையும் இந்த வரலாற்றுக்குள்தான் நிற்கிறது.

இதற்கு மாறான ஒரு மரபும் இருக்கிறது. யூதர்களின் பாஸ்கா இரவில் வீட்டின் கடைசிப் பிள்ளை, இந்த இரவு ஏன் மற்ற இரவுகள் போல் இல்லை என்று கேட்கவேண்டும். அங்கும் கேள்வி எழுதப்பட்டதே. ஆனாலும் பிள்ளை கேட்ட பின்னரே பெரியவர்கள் கதையைத் தொடங்குகிறார்கள். லூக்கா சுவிசேஷத்திலும் யேசு செபத்தைத் தானாகத் திணிக்கவில்லை. அவர் செபிப்பதைச் சீடர்கள் பார்த்தார்கள், அதன் பின் கற்பிக்கும்படி கேட்டார்கள், அவர் கற்பித்தார். மத்தேயுவில், ஆட்கள் பார்க்க நின்று செபிக்காமல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தும்படி சொன்ன பின்னர்தான் இச்செபம் வருகிறது. அதைத்தான் நாம் ஒலிவாங்கியின் முன் நிறுத்திச் சொல்லவைத்துக் கைதட்டுகிறோம்.

* * *

1995 இல் நாங்கள் பாஷையூரில் இருந்தோம். எனக்கு இருபத்தைந்து வயது. அக்காவின் மகனுக்கு ஆறு. விமானச் சத்தம் கேட்டதும் அவனை பங்கருக்குள் இழுத்துக்கொண்டு போவது என் வேலை. செபம் சொல்ல வைப்பது என் அம்மாவின் வேலை. “சின்னப்பிள்ளையள் கேட்டால் ஆண்டவர் இல்லையெண்டு சொல்லமாட்டார், சொல்லு ராசா” என்று அம்மா சொல்லுவா. அவன் சொல்லுவான். விமானம் போய்விடும். அம்மா அவனைக் கொஞ்சுவா. பிள்ளையின் கணக்கு நேரானது: நான் சொன்னேன், விமானம் போனது.

ஜூலை 9 ஆம் திகதி நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்தின் மீது அரச விமானம் குண்டு வீசியது. இடம்பெயர்ந்து வந்து கோயிலில் தஞ்சமடைந்திருந்த சனங்கள், பிள்ளைகளும் சேர்த்து, பெருந்தொகையில் இறந்தார்கள். செய்தியை எங்கள் வீட்டில் பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது அவன் பக்கத்தில் இருந்தான். “அம்மம்மா, அங்க இருந்த ஆக்களும் செபம் சொன்னவைதானே?” என்று கேட்டான்.

அம்மா, “வாயை மூடு, அப்பிடிக் கேக்கக்கூடாது” என்றா. அம்மாவை நான் குறைசொல்லவில்லை. அவவிடம் இருந்தது அந்த ஒரு செபம்தான். அதையும் இழக்க அவ தயாராயில்லை. ஆனால் நான் படித்தவன், பின்னர் கல்வியியல் கற்பிக்கப் போனவன், அங்கே நின்றேன். ஒன்றும் சொல்லவில்லை. அவன் அதன் பின் கேட்கவில்லை. அடுத்த முறை விமானம் வந்தபோது செபத்தை முன்னிலும் வேகமாகச் சொன்னான்.

இப்போது அவனுக்கு முப்பத்தைந்து கடந்துவிட்டது. அவன் செபிப்பதில்லை. இதை அவனே என்னிடம் சொன்னான். அப்படியானால் மகளை ஏன் செபிக்கச் சொல்கிறாய் என்று கேட்டேன். “எனக்கு வராது மாமா. அவள் சொன்னால் கேக்கும்” என்றான். தான் நம்பாத ஒன்றை, தன் தாயின் உயிருக்காக, மகளின் தலையில் ஏற்றுகிறான். நாளை அக்காவுக்கு ஏதும் ஆகிவிட்டால் அந்தப் பிள்ளை என்ன நினைக்கும்? ஆண்டவர் இல்லையென்று சொல்லமாட்டார் என்றால், இல்லையென்று ஆனதற்குக் காரணம் யார்? நான் சரியாகச் சொல்லவில்லை, ஒரு சொல் பிழைத்துவிட்டது, ஒரு இரவு நித்திரையாகிவிட்டேன் என்றுதான் ஆறு வயதுப் பிள்ளை கணக்குப் போடும். மந்திரமாகக் கற்றுக்கொடுத்ததன் விலை அது.

* * *

ஆகவே சென்ற இதழ் நண்பர் சொன்னது சரிதானா? செபத்தையே விட்டுவிடலாமா? நான் அப்படி நினைக்கவில்லை.

முதலாவது, நாம் விட்டாலும் பிள்ளை விடுவதில்லை. பாட்டி சாகக்கிடக்கும் வீட்டில், யாரும் சொல்லிக்கொடுக்காமலே அது யாரையோ நோக்கி ‘வேணும்’ என்று கேட்கும். இரண்டாவது, இந்த நாட்டிலேயே பிள்ளையின் சுதந்திரம் பற்றி நிதானமான ஏற்பாடு ஒன்று இருக்கிறது. 1921 ஆம் ஆண்டுச் சட்டப்படி, பன்னிரண்டு வயதுக்குப் பின் பிள்ளையின் விருப்பத்துக்கு மாறாக அதன் மதத்தை மாற்றமுடியாது. பதினான்கு வயதில் தன் மதத்தைத் தானே தீர்மானிக்கலாம். அதுவரை பெற்றோர் கற்பிக்கலாம். அதன் பின் கதவைத் திறந்துவிடவேண்டும். நண்பர் அஞ்சும் வன்முறை கற்பிப்பதில் மட்டும் இருப்பதில்லை. கேட்காதே என்று வாயை மூடுவதிலேயே அது பெரிதும் இருக்கிறது. வாயை மூடுவது மதமில்லாத வீடுகளிலும் நடக்கிறது.

மூன்றாவது, இது பற்றி அனுபவ அறிவு இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் டேவிட் எல்கைண்டும் சக ஆய்வாளர்களும் 1967 இல் வெளியிட்ட ஆய்வு, ஐந்து முதல் ஏழு வயதுவரை செபம் பற்றிய எண்ணம் தெளிவற்றது என்றும், ஏறக்குறைய ஒன்பது வயதுக்குப் பின்னரே அது அகவுரையாடலாக விளங்குகிறது என்றும் காட்டியது. ரோமில் மொண்டிசோரி முறையில் சிறுவருக்கு மறைக்கல்வி அளித்த சோபியா கவலெற்றி, சிறுபிள்ளைகள் தாமாகச் செபிக்கும்போது நன்றியும் வியப்பும்தான் அதிகம் வருகின்றன, சொற்கள் மிகக் குறைவு என்று பதிவு செய்தார். பெரியவர் சூத்திரங்களைத் திணித்தால் அது நின்றுவிடும் என்பது அவரது எச்சரிக்கை. இவற்றையெல்லாம் நான் விரிவுரை மண்டபத்தில் பேசியிருக்கிறேன். வீட்டுக்குள் கொண்டுவரவில்லை.

கேளுங்கள், கிடைக்கும் என்றுதானே யேசு சொன்னார் என்று விசுவாசிகள் என்னிடம் கேட்பார்கள். சொன்னார். ஆனால் அவரே கெத்சமனித் தோட்டத்தில் ஒன்றைக் கேட்டார், அது கிடைக்கவில்லை. சிலுவையில் அவர் கூவியது இருபத்திரண்டாம் சங்கீதத்தின் தொடக்கம். ஏன் கைவிட்டீர் என்ற கேள்வி அது. நூற்றைம்பது சங்கீதங்களில் முறைப்பாடுகள் நிறையவே உள்ளன. எண்பத்தெட்டாவது சங்கீதம் இருளிலேயே முடிகிறது. ஆறுதலாக ஒரு வரிகூடக் கடைசியில் இல்லை. நீதிபதியின் வாசலில் விடாமல் நின்ற விதவையின் கதையை யேசு செபத்துக்கு உதாரணமாகச் சொன்னார். மன்றாட்டு என்பதற்கு அதைவிடச் சரியான படம் இல்லை. எமது சிறுவர் செபப் புத்தகங்களில் இவை எங்கே? நான் பார்த்தவற்றில் நன்றி இருக்கிறது, மன்னிப்பு இருக்கிறது, காவல் சம்மனசு இருக்கிறது. கோபம் இல்லை. பதில் வராத நாள் இல்லை. ஆனால் எங்கள் சனங்கள் கண்டது பெரும்பாலும் பதில் வராத நாட்களைத்தான்.

* * *

நான் செய்ததைச் சொல்லி முடிக்கிறேன். ஒளிவிழாவுக்கு அவளை ஆயத்தப்படுத்துவதை நான் நிறுத்தவில்லை. தகப்பனின் ஆசை அது. ஆனால் ஒவ்வொரு வரியையும் அவள் கேள்வி கேட்டு முடிந்த பின்னர்தான் அடுத்த வரிக்குப் போகிறோம். மூன்று கிழமையில் பாதிதான் ஆகியிருக்கிறது. மேடையில் பாதி சொன்னால் போதும் என்று நினைக்கிறேன்.

இரவில், வேலைக்குப் போகுமுன், அவளோடு கொஞ்சநேரம் இருப்பேன். அவள் முதலில் சொல்லவேண்டும், பிறகு நான். ஒரு நாள், “அப்பம்மாவுக்குச் சுகம் வேணும்” என்றாள். “எனக்கும் அதுதான் வேணும். தருவாரோ எண்டு எனக்குத் தெரியாது” என்றேன். “தராட்டி?” என்று கேட்டாள். “தராட்டி அது உன்ர பிழையில்ல. அவரோட கோவிக்கலாம். கோவிச்சுக்கொண்டும் கதைக்கலாம்” என்றேன். அவள் கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, நாளைக்குப் பாடசாலைக்கு என்ன கொண்டுபோகவேண்டும் என்ற கதைக்குப் போய்விட்டாள்.

கதவடியில் தகப்பன் நின்றது எனக்குத் தெரியாது. வெளியே வந்தபோது என்னோடு சண்டைபிடிப்பான் என்று நினைத்தேன். “எனக்கு ஏன் மாமா ஒருத்தரும் இப்பிடிச் சொல்லேல்ல?” என்று மட்டும் கேட்டான். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டு இறங்கிவிட்டேன். இரண்டாவது முறையும் அவனுக்கு நான் பதில் சொல்லவில்லை. இக்கட்டுரையை அவனுக்கு வாசிக்கக் கொடுக்க எண்ணியிருக்கிறேன்.

அக்கா இதை எழுதும்வரை ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறா. செபத்தை ஒழிக்கச் சொல்லும் நண்பரும், தமிழுக்காகக் காக்கச் சொல்லும் நண்பரும், பதில் வராத நாளில் பிள்ளைக்கு என்ன சொல்வார்கள் என்று அடுத்த இதழில் எழுதவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.